குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர் பெரியவர்களுக்கு வகுப்பெடுப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் டியூஷன் நடக்காத தெருவைப் பார்ப்பது கடினம். பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவி என்று யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்திருப்பார். பெரியவர்களுக்கு வகுப்பெடுக்க ஆள் வேண்டும் என்றால் ஊரார் தேடி வருவதும் அவரைத்தான். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்குத் தன்னார்வலர் வேண்டும் என்பார்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதப் பழக்க வேண்டும் என்பார்கள். ஜெர்மனிக்குப் போகவிருக்கும் நர்ஸ் ஒருவர் மொழிப் பயிற்சி கேட்பார். வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பும் பணத்தைக் கைபேசியில் பார்க்கத் தெரிய வேண்டும் என்று ஒரு பாட்டி வருவார்.

டியூஷன் எடுக்கும் அவருக்கு அனுபவம் இருக்கிறது, ஆனால் அது குழந்தைகளிடம் பெற்ற அனுபவம். அதில் பாதி இங்கே உதவும், மீதிப் பாதி ஆளை விரட்டிவிடும். எந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் வகுப்பில் நேரத்தை வைத்திருப்பவர் ஆசிரியர். பெரியவர்களின் வகுப்பில் நேரத்தை வைத்திருப்பவர் படிக்க வந்தவர். கூலியையோ சமையலையோ தூக்கத்தையோ விட்டுத்தான் அந்த ஒரு மணி நேரத்தை அவர் கொண்டுவருகிறார். மூளை, வயது, நினைவாற்றல் பற்றிச் சொல்லப்படும் வித்தியாசங்கள் உண்மைதான் என்றாலும், நடைமுறையில் இந்த ஒன்றுக்குப் பிறகே அவை வருகின்றன.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

பெரியவர்கள் கற்கும் விதத்தைத் தனியாகப் பேசியவர்களில் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் முக்கியமானவர். பெரியவர் தன் படிப்பைத் தானே நடத்த விரும்புவார், அனுபவத்தோடு வருவார், தேவை வரும்போதுதான் படிக்கத் தயாராவார், உடனே பயன்படுவதையே விரும்புவார், வெளியிலிருந்து வரும் பரிசைவிட உள்ளிருந்து எழும் காரணமே அவரை இழுக்கும் என்பவை அவர் வைத்த அனுமானங்கள். 1970-ல் பெரியவர் கல்வியையும் குழந்தைக் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தி எழுதியவர், 1980-ல் அந்தப் பிரிவைத் தளர்த்தினார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை என்றுதான் பிறகு பேசினார். நாமும் அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. சொந்தக் காரணத்தோடு படிக்கும் பத்து வயதுப் பையன் உண்டு. ஒவ்வொரு அடியும் கைபிடித்து நடத்தப்பட வேண்டிய நாற்பது வயதுக்காரரும் உண்டு.

‘வயசான பிறகு மண்டையில ஏறாது’ என்று படிக்க வருகிறவரே சொல்வார். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நெதர்லாந்துக்குக் குடிவந்து டச்சு மொழி கற்ற ஆங்கிலக்காரர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1978-ல் வெளிவந்தது. முதல் சில மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் பதின்வயதினரும் பெரியவர்களும்தான், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கியே இருந்தார்கள். விதியைப் புரிந்துகொள்வதிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் பெரியவருக்கு முன்னிலை உண்டு. உச்சரிப்பிலும், நெடுநாள் போக்கில் மொழி முழுதாகப் படிவதிலும் குழந்தைக்கே அனுகூலம். ஆகவே பெரியவருக்கு விதியை வெளிப்படையாகச் சொல்லலாம். குழந்தைக்குப் பாட்டாகவும் கதையாகவும் திரும்பத் திரும்பக் காதில் போட வேண்டும். ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திக்கொள்ளும் அளவும் சிறு குழந்தைக்குக் குறைவு. நோட்டை எடு, தேதி போடு, மூன்றாம் கணக்கைச் செய் என்று சேர்த்துச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை முதலாவதை மட்டும் செய்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அது சொல்பேச்சுக் கேளாமை இல்லை.

படி 1: ஏன் வந்தார் என்று கேளுங்கள்

பிள்ளையைக் கொண்டுவிடும் அம்மா ‘கணக்குல வீக்கு சார்’ என்று சொல்வார். பாடம் என்ன, எதுவரை என்பதைப் பள்ளிப் புத்தகம் முடிவு செய்துவிடும். பெரியவரிடம் அந்த முடிவே முதல் வேலை.

இந்த மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் இது, ஏறக்குறைய 92 சதவீதம். நமக்குப் பெருமைதான். ஆனால் தெருவில் எல்லாரும் வாசிக்கத் தெரிந்தவர்களாக இருக்கும்போது, தெரியாத ஒருவர் அதை மறைத்தே வாழ்ந்திருப்பார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லி பஸ் போர்டை அடுத்தவரிடம் கேட்பார். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மருமகளிடம் நிரப்பச் சொல்வார். எழுத்தறியாதோர் நிறைந்த ஊரில் வகுப்புக்கு வருவதைவிட இங்கே வருவதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலைத் திரட்டிக்கொண்டு வந்தவரிடம், நான்கு பேர் காதுபட ‘எத்தனாங் கிளாஸ் வரை படிச்சீங்க?’ என்று கேட்கக் கூடாது.

தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். ‘எதையெல்லாம் நீங்களே வாசிச்சாக் கொள்ளாம்னு தோணுது அக்கா?’ என்று கேட்டால் பதில் வரும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்க்க வேண்டும் என்பார் ஒருவர். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் தரும் மருந்துச் சீட்டில் காலையா இரவா என்று தெரிய வேண்டும் என்பார் இன்னொருவர். கோயிலில் ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயசைப்பதோடு நிற்காமல் உண்மையாகவே வாசிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. பேரன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பாஸ்புக், மகளிர் குழுப் பதிவேடு என்று எது வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்திட்டம் அதுதான்.

படி 2: நேரத்தை அவர் தொழிலிலிருந்து எடுங்கள்

பிள்ளைகளுக்கு மாலை ஐந்தரை மணி எந்த ஊரிலும் பொருந்தும். பெரியவர்களுக்கு ஊருக்கு ஊர் மாறும்.

குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். இரவு எட்டு மணி வகுப்பில் அவர் தூங்கித்தான் விழுவார். மதியம் சாப்பிட்டுச் சற்று படுத்து எழுந்த பிறகு, மூன்று நான்கு மணிவாக்கில் வைத்தால் வருவார். இலையுதிர்ந்து பால் வெட்டு நிற்கும் வாரங்களும், அடைமழையில் வெட்ட முடியாத நாட்களும் பாடத்துக்கு நல்ல காலம். தோவாளையில் பூ வேலை விடியலுக்கு முன்பே சூடுபிடித்துவிடும், அங்கேயும் பிற்பகல்தான் சரி. முந்திரி ஆலைப் பெண்கள் நாளெல்லாம் குந்தியிருந்து முதுகு வலியோடு வருவார்கள். அவர்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வகுப்பை இழுக்காதீர்கள், சாய்ந்து உட்கார நாற்காலி போடுங்கள்.

கடற்கரை ஊர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான கணக்கு வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டத்தில் படகுகள் கரையேறி நிற்கும் மாதமும் குளச்சலில் நிற்கும் மாதமும் வேறு. ஆண்களுக்கான தொடர் வகுப்பை அந்தந்தத் தடைக்காலத்தில் வையுங்கள். மற்ற மாதங்களில் ஒவ்வொரு பாடமும் தனக்குள் முடிந்துவிட வேண்டும், ‘போன வாரம் பார்த்தோமே’ என்று தொடங்கும் பாடம் உதவாது. ஆழ்கடலுக்குப் போனவர் போன வாரம் கரையில் இருந்திருக்க மாட்டார்.

இடம் பள்ளிக்கூடமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் குட்டி பெஞ்சில் ஐம்பது வயதுக்காரரை உட்கார வைப்பது அவர் மனசை உடைக்கும். மகளிர் குழு கூடும் வீடு, ஊர் நூலகம், கோயில் மண்டபம் எல்லாம் இதைவிட நல்லவை.

படி 3: கண், கை, காது

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் வகுப்பு பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்பது வயதையொட்டி வெள்ளெழுத்து தொடங்கிவிடும், பக்கத்தில் உள்ள சிறிய எழுத்து கலங்கும். இதுவரை வாசிக்காதவருக்குத் தன் கண்ணில் இந்தக் குறை வந்திருப்பதே தெரிந்திருக்காது. அவருக்கு ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரிந்தால் அதை மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரமே கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணாடி வரும்வரை விரல் தடிமனில் எழுதிய அட்டைகளைப் பயன்படுத்துங்கள். மங்கலான ஒற்றை பல்பு போதாது.

பிள்ளையின் கைத்தசை இன்னும் முற்றாதது. மணலில் எழுதுவது, சிலேட்டில் சுழிப்பது எல்லாம் அதற்காகத்தான். பெரியவருக்கு அந்தக் குறை கிடையாது. கிழிந்த வலையின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பின்னுகிற விரலில் நுட்பத்துக்குக் குறைவில்லை. பேனாவை அழுத்திப் பிடிப்பதுதான் அவருடைய பிரச்சினை, தாள் கிழிந்துவிடும். தடித்த தாள் நோட்டும் வழுக்கி ஓடும் பேனாவும் கொடுத்தால் பாதி சரியாகும். பெரியவர் கையில் சிலேட்டும் பலப்பமும் வேண்டாம்.

காதுக்கு ஒரே ஒரு வேலை: முகம் பார்த்துப் பேசுங்கள், பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள்.

படி 4: அழைப்பதும் பாராட்டுவதும்

பிள்ளைகளை ‘மக்களே’, ‘பிள்ளே’ என்று கூப்பிட்டால் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். பெரியவரை ஊரில் எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழையுங்கள்: அக்கா, அண்ணே, மைனி, பாட்டா. வகுப்புக்குள் வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவரை ஒரு படி இறக்கும். கற்பிப்பவர் கல்லூரி மாணவராகவும் கற்பவர் அவருடைய பெரியப்பா வயதுக்காரராகவும் இருந்தால், எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது இருவருக்கும் எளிது.

நட்சத்திர ஸ்டிக்கரும் கைதட்டலும் ஏழு வயதுக்கு அமிர்தம். பெரியவரிடம் எது கைகூடியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ‘இந்தப் பாஸ்புக்குல வரவும் செலவும் நீங்களே பிரிச்சு வாசிச்சிட்டீங்க பாட்டா’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

படி 5: பாடத்தைக் கட்டுவது

உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்.

குழந்தைக்கு எழுத்தறிவு ஒலியில் தொடங்குகிறது. பாட்டு, ஒரே ஓசையில் முடியும் சொற்கள், படம், பிறகு எழுத்து. அதன் சொற்களஞ்சியமே வளர்ந்துகொண்டிருப்பதால் சொல்லையும் எழுத்தையும் சேர்த்தே ஊட்ட வேண்டும். பெரியவரிடம் ஆயிரக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன, எழுத்து மட்டும்தான் இல்லை. அவரை ‘அ - அம்மா, ஆ - ஆடு’ என்று தொடங்கி 247 எழுத்துகளின் வரிசையில் நடத்தினால், பயன்படும் முதல் சொல்லை வாசிக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வருவதை நிறுத்திவிடுவார்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 300 பேருக்கு எழுத்தறிவித்தபோது, அவர்கள் வாழ்க்கையில் கனமான சொற்களையே முதல் பாடமாக வைத்தார். அந்தச் சொல்லைப் பற்றி முதலில் பேச்சு நடக்கும், பிறகு அதை அசைகளாகப் பிரிப்பார்கள், அசைகளை மாற்றிச் சேர்த்துப் புதுச் சொற்களை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தமிழுக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் நம் உயிர்மெய் எழுத்தே ஓர் அசைதான்.

குளச்சலில் ஒரு வகுப்பு என்று வையுங்கள். ‘வலை’, ‘கரை’ இரண்டும் முதல் நாள் சொற்கள். வலை இப்போது என்ன விலை, எந்த மாதம் கிழியும் என்று பத்து நிமிடம் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு வ, லை, க, ரை என்று நான்கு அட்டைகள். அவற்றை இடம் மாற்றி வைத்தால் ‘வரை’, ‘கலை’, ‘கவலை’ என்று வரும். நான்கு எழுத்தில் ஐந்து சொல். ‘லை’யையும் ‘ரை’யையும் பக்கத்தில் வைத்து, முன்னால் நிற்கும் இரட்டைச் சுழி என்ன செய்கிறது என்று கேளுங்கள். விதியை அவர்களே சொல்வார்கள். ரப்பர் தோட்டத்தில் ‘மரம்’, ‘பால்’ என்று தொடங்கினால் ‘பாரம்’ கிடைக்கும், துணைக்காலும் புள்ளியும் அதோடு அறிமுகமாகிவிடும். இப்படிச் சொற்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை நேரம் ஒதுக்கி உட்காருங்கள், அந்தத் தயாரிப்புக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

மேற்குப் பக்கத்தில், பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில், மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த முதியவர்களைச் சந்திப்பீர்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அவர்களை எழுத்தறியாதவர் கணக்கில் சேர்ப்பது தவறு. கணக்கெடுப்பே எந்த மொழியில் புரிந்து வாசித்து எழுதினாலும் எழுத்தறிவு என்றுதான் கொள்கிறது. மலையாள எழுத்தையும் தமிழ் எழுத்தையும் இரண்டு பத்திகளாக எழுதிக் கொடுங்கள், அவர்களே ஓடிவிடுவார்கள்.

கணக்கில் வித்தியாசம் இன்னும் கூர்மையானது. ஏழு வயதுக் குழந்தை புளியங்கொட்டையைத் தொட்டு எண்ணித்தான் எண்ணை உணரும். பெரியவர் மீன் ஏலத்தில் மனக்கணக்கில் முந்துவார், தாளில் எழுதச் சொன்னால் தடுமாறுவார். ஆகவே அவர் மனத்தில் போட்ட கணக்கை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, நீங்கள் அதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். சதவீதத்தைப் பள்ளிப் பிள்ளைக்கு நூறு கட்டம் வரைந்து விளக்குவோம். ரப்பர் பால் விற்கிறவருக்கு டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்) இருக்கிறது. ரப்பர் பாலில் உலர் ரப்பர் பொதுவாக 30 முதல் 40 சதவீதம். டி.ஆர்.சி. 35 என்று சீட்டில் இருந்தால், 100 கிலோ பாலுக்கு 35 கிலோ ரப்பருக்கான பணம் என்று அவருக்கு ஒரே மூச்சில் பிடிபடும். அடுத்த நாள் தன் சீட்டைத் தானே சரிபார்ப்பார்.

இந்த முறைக்கு மாவட்டத்திலேயே பழைய முன்மாதிரி உண்டு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் குடியானவர்களுக்குக் கண்முன் செய்துகாட்டிக் கற்பித்தார். மார்த்தாண்டத்துத் தேனுக்கு இன்றும் இருக்கும் பெயருக்கு அதில் பங்குண்டு.

நர்ஸ்களுக்கு மொழி கற்பிப்பவருக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் செவிலியராக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 என்ற மொழித்தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். நிறமும் பழமும் விலங்கும் என்று குழந்தைப் புத்தக வரிசையில் போகாதீர்கள். நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்பது, மருந்து அளவைச் சொல்வது, பணி மாறும்போது அடுத்தவரிடம் விவரம் ஒப்படைப்பது என்று வார்டிலிருந்தே தொடங்குங்கள். மருத்துவத்தில் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். அந்தப் பாடத்தில் அவர் உங்களைத் திருத்தினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 6: பிழை திருத்தம்

குழந்தை தவறாக வாசித்தால் அங்கேயே சரியாகச் சொல்லிக்காட்டி நகரலாம், அடுத்த நொடி மறந்துவிடும். பெரியவர் அதை வீடுவரை கொண்டுபோவார். பலர் முன்னிலையில் நேரடியாகத் திருத்தாமல், அந்த வரியை எல்லாருமாகச் சேர்ந்து இன்னொரு முறை வாசிக்க வையுங்கள். எழுத்தில் சிவப்பு மை வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழைக்கு மேல் தொடவும் வேண்டாம்.

நீண்டகாலம் பழகிய தவறு வேறு வகை. ‘இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்’ என்று அவர் சொன்னால், அந்த வழி எங்கே பயன்படுகிறது, எங்கே பணம் நட்டமாகிறது என்று அவர் கணக்கிலேயே காட்டுங்கள். தவறு என்ற சொல் தேவைப்படாது.

படி 7: மறதிக்கு எதிரான ஏற்பாடு

மறதி இரு வயதினருக்கும் உண்டு. கற்றது முதல் நாட்களிலேயே வேகமாகக் கரையும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே அளந்து காட்டினார். மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே ஒரு வாரம் கழித்தும் நிலைக்கிறது என்று 2006-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பிள்ளைகளுக்கு இதை விடுகதையாகவும் போட்டியாகவும் செய்யலாம். பெரியவருக்கு வீட்டுப்பாடம் என்று தனியாகக் கொடுத்தால் நடக்காது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகை மூன்றை வாசித்து வரச் சொல்லுங்கள். அரிசி டப்பாவிலும் மிளகு டப்பாவிலும் அவரே பெயர் எழுதி ஒட்டட்டும். நாள்தோறும் கண்ணில் படும், தனி நேரமும் கேட்காது.

படி 8: தேர்வு

எழுத்தறிவுத் திட்டத்தில் சான்றிதழுக்கான தேர்வு இருக்கிறது. அதை மறைக்காதீர்கள், பயமுறுத்தவும் செய்யாதீர்கள். தேர்வுத்தாளின் மாதிரியை இரண்டு மூன்று முறை பழக்கிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி நின்றுபோனவருக்குத் தேர்வு என்ற உடனே பழைய பயம் வரும், அவரை முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கையெழுத்துப் போடக் கற்றதோடு முடித்துவிடும் பழக்கத்தை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். வாசிக்காமல் கையெழுத்திடுகிறவர், கைநாட்டு வைக்கிறவரைவிட எளிதாக ஏமாற்றப்படுவார். கடன் பத்திரத்தில் தொகை, வட்டி, தேதி மூன்றையும் கண்டுபிடித்து வாசிப்பதை உங்கள் கடைசித் தேர்வாக வையுங்கள்.

பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே வீட்டில் படிக்கும்போது

பேத்தியும் பாட்டியும் ஒரே திண்ணைக்கு வருவார்கள். ஒரே நேரத்தில் ஒரே பாடம் வேண்டாம். பேத்தி சட்டென்று வாசித்துவிட்டால் பாட்டி வாயை மூடிக்கொள்வார். பாட்டி சொல்லும் கதையைப் பேத்தி எழுதட்டும், பிறகு அந்தத் தாளைப் பாட்டி வாசிக்கட்டும். தன் கதை என்பதால் அடுத்த சொல் என்ன என்று பாட்டிக்குத் தெரியும், பேத்திக்கு எழுத்துப் பயிற்சி ஆயிற்று.

வராமல் நின்றுபோனால்

பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் அம்மாவுக்குப் போன் செய்தால் போதும். பெரியவர் நின்றால் காரணம் பெரும்பாலும் வீட்டில் கல்யாணம், மருத்துவச் செலவு, கடலுக்குப் போனது, அல்லது வகுப்பில் யாரோ சிரித்தது. முதல் மூன்றும் தானே சரியாகும். நான்காவதுக்கு நீங்கள் வீட்டுக்கே போக வேண்டும், மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. திரும்பி வரும் நாளில் விடுபட்ட பாடங்களின் பட்டியலைக் காட்டாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே நன்றாக வாசிக்க வரும் ஒரு பக்கத்தை எடுத்து வைத்து, அதிலிருந்து தொடங்குங்கள்.